அரைப் பேர், ஒரு கையெழுத்து, ஒரு ஊசி

போன தவணையில் ஒரு திங்கட்கிழமை, என் வகுப்புப் பெண்பிள்ளைகள் பத்தொன்பது பேரிடமும் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்து வந்த சம்மதக் கடிதம். எச்.பி.வி. தடுப்பூசி போடச் சம்மதமா என்று பெற்றோர் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு வந்து சேர்ந்தன. ஏழு வரவில்லை.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியை. எங்கள் பக்கத்தில் ஆறாம் ஆண்டு என்பது ஒரு கண்டம் மாதிரி. நிறையத் தோட்டங்களில் சின்னப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிடும். ஆறுக்குப் பிள்ளை இன்னொரு டிவிஷனைத் தாண்டி, மழையில் நனைந்து, பஸ் வராவிட்டால் நடந்து வர வேண்டும். வந்து உட்கார்ந்த பிள்ளையைக் கையில் பிடித்து வைத்திருப்பதே பாதி வேலை. அந்த ஆறாம் ஆண்டில்தான் இந்த ஊசியும் வருகிறது. இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2017இல் இதைச் சேர்த்தபோது, பத்துப் பதினொரு வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே, ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை, காசில்லாமல் போடுவது என்று வைத்தார்கள்.

அதே 2017 மே மாதம் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடத்தை இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்து வைத்தார். நோர்வூட் மைதானத்தில் மலையே திரண்டு நின்றது. அந்த நாளை எங்கள் ஆட்கள் இன்றும் சொல்வார்கள். அந்த வருடம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் இடது கையில் ஏறிய ஊசியைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. எனக்கோ, அந்தக் கட்டடத்துக்குச் சமமான காரியம் அது.

ஏன் என்று சொல்ல என் அத்தையிடம் போக வேண்டும்.

அப்பாவின் மூத்த அக்கா. நல்ல கொழுந்துக்காரி. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி உதிரம் பட ஆரம்பித்தது. எட்டு மாதம் அத்தை யாரிடமும் சொல்லவில்லை. மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, உள்ளே பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு, கூடையைச் சுமந்துகொண்டு ஏறியிருக்கிறது. வாடை வர ஆரம்பித்த பிறகுதான் பக்கத்து நிரையில் பறிக்கிறவளுக்குத் தெரிந்தது. முதலில் வயிற்றுவலி மாத்திரை. பிறகு சீனிவருத்தமாக இருக்கலாம் என்று ஒரு பரிசோதனை. உள்ளே பார்க்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கண்டிக்குப் போய், அங்கிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனபோது கட்டி இடுப்பெலும்பு வரை பரவியிருந்தது. கதிர்வீச்சு சிகிச்சை வாரக்கணக்கில் நடக்கும். கொழும்பில் தங்க எங்களுக்கு ஆளில்லை. ஹட்டனிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி அத்தையை அழைத்துப்போய் வந்தது என் அம்மா. அத்தை போனபோது அதற்கு வயது நாற்பத்தொன்பது.

அடக்கம் முடிந்து வந்த வீட்டில் ஒரு சொந்தக்காரர் தாழ்ந்த குரலில், “இது ஒழுக்கமில்லாதவங்களுக்கு வர்ற நோவாமே” என்றார். என் அம்மா அவரைத் திருப்பிக் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது: “எங்க அண்ணிக்கு அவங்க புருஷனைத் தவிர வேற யாரைத் தெரியும்?”

அந்தச் சொந்தக்காரருக்கு அன்று சொல்லத் தெரியாததை இப்போது சொல்கிறேன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறத்தாழ முழுவதுமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் 1983இல் எச்.பி.வி. 16ஐயும் அடுத்த வருடம் 18ஐயும் புற்றுக்கட்டிகளில் கண்டுபிடித்தார். 2008இல் அதற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்த இரண்டு வகைகள்தான் பத்தில் ஏழு கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் காரணம். தாம்பத்திய உறவு வழியாகத் தொற்றும் வைரஸ் இது. ஆணிடமும் இருக்கும், பெண்ணிடமும் இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் எப்போதாவது ஒருமுறை தொற்றியே தீரும். வந்தது தெரியாது, வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் அது போகாமல் தங்கி, கருப்பையின் வாசலில் இருக்கிற திசுவை மெல்ல மெல்ல மாற்றும். அது புற்றாக முற்ற பதினைந்து, இருபது வருடம் எடுக்கும். ஒரே ஒரு ஆணோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். ஒழுக்கத்தை அளக்கிற நோய் அல்ல இது.

இருபது வருடம் என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அத்தைக்கு இருபத்தெட்டு வயதில் புகுந்த ஒன்று, அது மூன்று பிள்ளை பெற்று வளர்த்த காலமெல்லாம் உள்ளே இருந்திருக்கலாம். அந்த இருபது வருடத்தில் ஏதாவது ஒரு நாள், பத்து நிமிடம், யாராவது பார்த்திருந்தால் போதும்.

வராத ஏழு கடிதங்களுக்கு வருவோம்.

இரண்டு பிள்ளைகள் கடிதத்தைத் தொலைத்துவிட்டார்கள். ஒன்று மழையில் புத்தகப் பையோடு நனைந்து கூழாகியிருந்தது. இது சின்ன விஷயம், புதிதாகக் கொடுத்தேன். இன்னொரு பிள்ளையின் அம்மா குவைத்தில், அப்பா கொழும்பில் ஹோட்டல் வேலையில். பிள்ளை அம்மாயியோடு லயத்தில் இருக்கிறாள். ஒரு தகப்பன், “இன்னும் ஆளாகாத பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் கர்ப்பப்பை ஊசி?” என்று கேட்டார். கேள்வியில் கோபமில்லை, கூச்சம்தான் இருந்தது.

அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். வைரஸ் உள்ளே போன பிறகு போட்டால் இந்த ஊசி அதை வெளியே எடுக்காது. ஏற்கனவே இருக்கிற தொற்றுக்கு இது மருந்தல்ல. பிள்ளை பிறகு யாரைக் கட்டப்போகிறாள், எப்போது கட்டப்போகிறாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்து, பதினொரு வயதில் உடம்பு கொடுக்கிற எதிர்ப்புச் சக்தி, பதினெட்டில் கொடுப்பதைவிடப் பலமானது. அதனால்தான் பெரியவர்களுக்கு மூன்று முறை போட்டதை இந்த வயதில் இரண்டோடு நிறுத்தினார்கள். ஊசிக்குள் உயிருள்ள வைரஸ் இல்லை, செத்த வைரஸும் இல்லை. வைரஸின் மேலோட்டைப் போல ஒரு புரதத்தை மட்டும் செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளே விதையில்லாத வெறும் ஓடு, முளைக்காது. உடம்பு அந்த ஓட்டைப் பார்த்து முகத்தைப் பழகிக்கொள்ளும். அவ்வளவுதான். அவர் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மிச்சமிருந்த கடிதங்களில் ஒன்று என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஒரு அம்மா மலைக்குப் போகிற அவசரத்தில் பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: “டீச்சரையே கையெழுத்துப் போட்டுக்கச் சொல்லு.” என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் போட மாட்டேன் என்று முடிவெடுத்தேன். அதற்குக் காரணம் இங்கே நடந்ததில்லை, ஆந்திரத்தில் நடந்தது.

2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பத்து முதல் பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் போட்டுப் பார்க்கும் திட்டம் ஒன்று நடந்தது. பாத் என்ற அமெரிக்க அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து செய்தது. கம்மத்தில் பழங்குடிப் பிள்ளைகள் நிறையப் பேர் அரசு விடுதிகளில் தங்கிப் படிப்பவர்கள். அவர்களுக்காக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு மாநிலத்திலும் சேர்த்து ஏழு பிள்ளைகள் இறந்தபோது ஊரே கொதித்தது. 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினார்கள். விசாரணையில் அந்த மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்று தெரிந்தது. ஆனால் சம்மதம் வாங்கிய விதம் தப்பு என்றும் அதே விசாரணை சொன்னது. முதல் முடிவை நம்ப யாரும் தயாராக இல்லை, இரண்டாவதுதான் மனதில் நின்றது. பெற்றவர்களைக் கேட்காமல் போட்ட ஒரு கையெழுத்து, நல்ல ஊசி ஒன்றின் பெயரை ஒரு நாடு முழுக்கக் கெடுத்துவிட்டது. அதனால் வந்த தாமதத்தில் எத்தனை பெண்கள் அகப்பட்டார்களோ.

அந்தக் கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. அதே நேரத்தில் டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் இந்தியாவில் பல இடங்களில் வேறொரு ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்ப்பது நோக்கம். திண்டுக்கல் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும் அதில் சேர்ந்திருந்தது. கம்மம் விவகாரத்தில் அரசு எல்லாவற்றையும் ஒரே உத்தரவில் நிறுத்த, ஏறக்குறைய 5,000 பிள்ளைகள் ஒரு டோஸோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை. பத்து வருடம் வரை தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். ஒரே ஒரு ஊசி போட்டவர்களிலும் கிட்டத்தட்ட யாருக்கும் 16, 18 வகைத் தொற்று தங்கவில்லை என்று 2021இல் வெளியிட்டார்கள். உலக சுகாதார அமைப்பு 2022 டிசம்பரில், இருபது வயது வரை ஒரு டோஸும் போதும் என்ற வழியைத் திறந்துவிட்டதற்கு இந்தப் பிள்ளைகளும் ஒரு காரணம். என் கொள்ளுப்பாட்டனார் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் விட்டுவந்த மண்ணின் பிள்ளைகள் தெரியாமல் செய்த உபகாரம் உலகத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆக, கையெழுத்தை நான் போடவில்லை. சாயந்திரம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போய்க் காத்திருந்து, அந்த அக்காவிடம் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி வாங்கினேன். கையில் கொழுந்துக் கறை. கடிதத்தின் ஓரத்தில் அது பழுப்பாக ஒட்டியது.

கடைசியாக இருந்தது குவைத்தில் அம்மா இருக்கிற பிள்ளை. அந்த அம்மாயியைப் பார்க்க லயத்துக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு அது நேராகவே கேட்டது: “புள்ள பெறாம ஆக்குறதுக்கு போடுறாங்களா டீச்சரம்மா?”

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுகிற ஆட்களோடு எனக்குச் சண்டை உண்டு. தோட்டங்களில் கருத்தடை ஒப்பரேஷன் நாட்டின் மற்ற பகுதிகளைவிட அதிகமாக நடந்தது. செய்துகொண்டவர்களுக்குக் காசு கொடுத்த காலம் இருந்தது. அம்மாயி தலைமுறைப் பெண்களிடம் கேட்டால், தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனதைச் சொல்வார்கள். என்ன செய்யப்போகிறார்கள் என்று முழுக்க விளக்கிச் சொன்னவர்கள் குறைவு என்பார்கள். குடியுரிமையே இல்லாமல் ஆக்கி, இந்தியாவோடு நடந்த பேச்சு வார்த்தையில் எங்கள் ஆட்களை எண்ணிப் பங்கு போட்ட நாட்டில், எங்கள் எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்ற பயம் சும்மா வந்ததில்லை. நினைவிலிருந்து வந்தது.

அதனால் அம்மாயியிடம் “அப்படியெல்லாம் இல்ல” என்று ஒரே வார்த்தையில் முடிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் இருந்தேன். இந்த ஊசி எங்கள் தோட்டத்துக்கு மட்டும் வரவில்லை, கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும், தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே வயதில் இதே ஊசிதான் என்றேன். அவுஸ்திரேலியாவில் 2007லிருந்து போடுகிறார்கள், அந்தப் பிள்ளைகள் இப்போது தாயாகி இருக்கிறார்கள் என்றேன். ஸ்கொட்லாந்தில் 2008இல் தொடங்கினார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடப் பரவும் கருப்பைக் கழுத்துப் புற்று வரவில்லை என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். கர்ப்பப்பையைப் பிடுங்குகிற நோயிலிருந்து கர்ப்பப்பையைக் காப்பாற்றுகிற ஊசி அம்மாயி இது, என்றேன். பிறகு குவைத்துக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, அம்மாவிடமும் பேச வைத்தோம். அம்மா அங்கிருந்து, “போடுங்க டீச்சர், நான் இங்க கிளினிக்ல இதப் பத்திக் கேட்டிருக்கேன்” என்றார். அம்மாயி கைநாட்டு வைத்தது.

ஊசி நாளைப் பற்றி ஒன்று மட்டும், மற்ற ஆசிரியர்களுக்காக. பிள்ளைகள் காலையில் வெறும் பிளேன்டியோடு வருகிறார்கள். பசி, பயம் இரண்டும் சேர்ந்தால் ஊசி போட்டதும் ஒன்றிரண்டு பேர் தலைசுற்றி விழுவார்கள். ஒருத்தி விழுந்தால் வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் தலைசுற்றும், அன்று சாயந்திரமே தோட்டம் முழுக்க “ஊசி போட்டு புள்ள மயங்கிருச்சு” என்று போய்விடும். நாங்கள் அன்று காலையில் ரொட்டியும் சம்பலும் செய்து எல்லாருக்கும் கொடுத்த பிறகே வரிசையில் நிறுத்தினோம். போட்டதும் பதினைந்து, இருபது நிமிடம் வாங்கில் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். கை கொஞ்சம் வலிக்கும், ஒருநாள் உடம்பு சுடலாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயாவும் மிட்வைப் மிஸ்ஸும் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள். பத்தொன்பது பேரும் போட்டுக்கொண்டார்கள். ஊசி நாளில் வராமல் போகிற பிள்ளைகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகக் கிளினிக்கில் போட்டுக்கொள்ள வழியிருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைக்கும் அது உண்டு. இதைத் தெரியாமலே பல வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே முடித்திருப்பேன். ஆனால் கொழுந்துக் கறையோடு கையெழுத்துப் போட்ட அந்த அக்கா, மறுவாரம் வழியில் நிறுத்திக் கேட்டார்.

“புள்ளைக்குப் போட்டாச்சு. எங்களுக்கு என்ன டீச்சர்?”

அவருக்கு வயது முப்பத்தாறு. சுகவனிதையர் கிளினிக் பற்றிச் சொன்னேன். இலங்கையில் 1996லிருந்து நடப்பது. முப்பத்தைந்து வயதுக்காரர்களைக் குறிவைத்து, பிறகு நாற்பத்தைந்தும் சேர்த்து, கருப்பைக் கழுத்தைப் பார்க்கும் பெப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். “அது புதன்கிழமைல. போனா அரைப் பேரு போயிரும்” என்றார்.

தோட்டம் தெரியாதவர்களுக்கு: ஒரு நாள் வேலை என்பது ஒரு பேர். சொன்ன கிலோ பறிக்காவிட்டால், நேரத்தை விட்டால், அரைப் பேர். பேர் விழவில்லை என்றால் அந்த மாதச் சம்பளத்தில் அரிசி குறையும். மகளுக்கு ஊசி போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், ஊசி அவள் இருக்கிற இடத்துக்கு வந்தது. அவளுடைய அம்மாவைத்தான், சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ் ஏறி, தமிழ் தெரிந்த ஆள் இருப்பார்களா என்ற யோசனையோடு, தேடிப் போகச் சொல்கிறோம். என் ஆத்திரமெல்லாம் இங்கேதான். கிளினிக்குக்குப் போய் அட்டை காட்டுகிற பெண்ணுக்கு முழுப் பேர் போடுங்கள். அல்லது மாதம் ஒருமுறை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளமடுவத்திலேயே, கொழுந்து நிறுத்த பிறகு, அந்தக் கிளினிக்கை நடத்துங்கள். இதில் எதுவும் கம்பனியை ஏழையாக்காது.

நடக்காத காரியத்தைச் சொல்லவில்லை. அதே சங்கரநாராயணனும் அம்பிளிக்கை மருத்துவமனையும் 2000லிருந்து திண்டுக்கல் கிராமங்களில் செய்து காட்டியது இது. பயிற்சி எடுத்த நேர்ஸ்மார் கிராமத்துக்கே போனார்கள். கருப்பை வாசலில் வினிகர் போன்ற அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். மாறிப்போன திசு வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் குளிர்ச் சிகிச்சையால் அப்போதே உறைய வைத்து அழித்துவிடுவார்கள். முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையான பெண்களுக்கு ஒரே ஒருமுறை செய்த இந்தச் சோதனையால் இந்த நோயில் சாகிறவர்கள் 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழில் வந்தது. வினிகரும் வெளிச்சமும் பழகிய கண்ணும்தான் அங்கே முதல்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2017இல் முதல் ஊசி போட்ட பிள்ளை 2006 வாக்கில் பிறந்தவள். அவளுக்கு முப்பத்தைந்து வயது ஆவது 2041இல். அதுவரை முப்பத்தைந்தைத் தொடுகிற ஒவ்வொரு தோட்டத்துப் பெண்ணும் பள்ளிக்கூடத்தில் இந்த ஊசியைப் பார்க்காதவள். அவளுக்குப் பரிசோதனை ஒன்றே காவல். ஊசி போட்டவளும் ஒருநாள் வர வேண்டும், ஏனென்றால் எல்லா வகை வைரஸையும் அது தடுப்பதில்லை. 2022இல் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய மூன்றரை இலட்சம் பெண்கள் இந்த நோயில் போனார்கள். பெரும்பாலும் எங்களைப் போல, பரிசோதனை தூரத்தில் இருந்தவர்கள்.

அந்த அக்கா விடவில்லை. “நீங்க போனீங்களா டீச்சர்?”

எனக்கு முப்பத்தெட்டு வயது. அத்தையைப் பறிகொடுத்தவள். பத்தொன்பது வீட்டுக்கு இதைச் சொல்லிக்கொண்டு அலைந்தவள். போனதில்லை. அவரிடம் அதை அப்படியே சொன்னேன். அடுத்த புதன்கிழமை சேர்ந்தே போவோம் என்றேன்.

போனோம். அவர், அவர் நிரையில் பறிக்கிற இன்னும் இரண்டு பேர், நான். ஒரு த்ரீவீலில் நான்கு பேரும் நெருக்கிக்கொண்டு. முதலில் பிரஷர் பார்த்தார்கள், சீனி பார்த்தார்கள், மார்பில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, நாங்களே பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக. படுக்க வேண்டும், காலை மடிக்க வேண்டும். ஒரு கருவியால் உள்ளே மெல்ல விரித்து, சின்னக் குச்சியால் வழித்து எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவுவார்கள். குளிர்ந்த இரும்பு பட்டபோது உடம்பு சுருங்கியது. வலி என்று சொல்ல முடியாது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மாதவிடாய் நாட்களில் போகக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அந்த அக்கா, “இவ்வளவுதானா?” என்று கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அவருடைய பெரியம்மாவும் இப்படித்தான் போனதாம், தோட்டத்தில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்களாம், த்ரீவீலில் திரும்பி வரும்போது சொன்னார்.

முடிவு வரச் சில வாரம் ஆகும் என்றார்கள். அவருக்கு அன்று அரைப் பேர்தான் விழுந்தது. அடுத்த மாதப் புதனுக்கு, அவர் லயத்திலிருந்து இன்னும் ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.